அமைதியை ஆராய்பவரின் வழிச்செலவு

வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய சத்தியாகிரகம் 604 நாள் நீடித்தது. அது எப்படி முடிந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. முதல் கதையை வெளிநாட்டாருக்குச் சொன்னவர் ரிச்சர்ட் கிரெக். வழக்கறிஞர் தொழிலை விட்டு 1925இல் இந்தியா வந்து காந்தியோடு பழகிய அமெரிக்கர். அகிம்சையின் ஆற்றல் பற்றி 1934இல் அவர் வெளியிட்ட நூலில், வெள்ளத்திலும் நின்று துன்பம் தாங்கிய தொண்டர்களைக் கண்டு பிராமணர்களின் மனம் இளகியது, சாலை எல்லோருக்கும் திறந்தது என்று வைக்கம் வருகிறது. 1959இல் அந்த நூலின் புதிய பதிப்பு வந்தபோது முன்னுரை எழுதியவர் மார்ட்டின் லூதர் கிங். கடல் கடந்து போன வைக்கம் இந்த வைக்கம்தான்.

இரண்டாம் கதை வர எண்பது ஆண்டு பிடித்தது. அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத்தில் இளம் வயதிலேயே வேலை செய்த மேரி எலிசபெத் கிங், ஆவணங்களைத் தேடிப் படித்து 2015இல் ஒரு நூல் வெளியிட்டார். மேல்சாதியாரின் மனம் மாறியதற்குச் சான்று இல்லை என்று அதில் காட்டினார். நடந்தது ஒரு சமரசம். மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு மூடியே கிடந்தது. கோயிலுக்குள் நுழைய 1936 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழில் பழ. அதியமான் 2020இல் கொண்டுவந்த ‘வைக்கம் போராட்டம்’ பெரியாரின் பங்கையும், தலைவர்கள் சிறைக்குப் போன பிறகு போராட்டம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதையும் செய்தித்தாள், அரசு ஆவணம் என்று ஒவ்வொன்றாகத் தேடி நிறுவியது.

இரண்டு கதைகளுக்கும் உள்ள வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. எதிராளியின் மனம் உருகும்வரை அடிபடு என்று சொல்வது ஒன்று. அவர் பேரத்துக்கு வரும்வரை நெருக்கடி கொடு என்று சொல்வது வேறொன்று. தெருவில் இறங்கப் போகிறவரின் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் இது. முதல் கதை சரியா என்று பார்க்க யாரோ ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஆவணக் காப்பகத்தில் உட்கார வேண்டியிருந்தது.

அந்த நேரத்தை யார் வாங்கிக் கொடுப்பது என்பதுதான் என் கேள்வி. போரை ஆராய ராணுவக் கல்லூரிகள் இருக்கின்றன, பாதுகாப்பு அமைச்சகங்கள் இருக்கின்றன, ஆயுதக் கம்பெனிகளின் பணம் இருக்கிறது. அகிம்சையை ஆராய்பவர் பெரும்பாலும் தனி ஆள். சிறு நல்கை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் கைக்காசு. நூறாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் இத்துறையின் அடித்தளமான வேலைகளில் பல இப்படிப்பட்ட தனி ஆட்களிடமிருந்தே வந்திருக்கின்றன. பெரிய திட்டங்களுக்குப் போக மிஞ்சும் சில்லறையாகச் சிறு நல்கையை நினைப்பவர்கள் உண்டு. இந்தத் துறையின் முதல் தேவையே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சனைப் பார்ப்போம். வானிலை அறிவியலாளர், குவேக்கர் நெறியைச் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். போரின் கணித உளவியல் என்று அவர் எழுதிய சிறுநூலைச் சொந்தச் செலவில் 1919இல் 300 படிகள் அச்சிட்டார். 1920இல் அவர் வேலை பார்த்த வானிலை அலுவலகம் விமானத் துறை அமைச்சகத்தின் கீழ் போனதும் வேலையை விட்டார். பிறகு ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர். போர்களின் காரணத்தை ஆராய முழு நேரம் வேண்டும் என்று 1940இல் அந்தப் பதவியையும் முன்கூட்டியே துறந்தார். ஒற்றைக் கொலை முதல் உலகப் போர் வரை, மனிதர் மனிதரைக் கொன்ற சண்டைகளையெல்லாம் செத்தவர் தொகையின் மடக்கை அளவில் வரிசைப்படுத்தினார். நிலநடுக்கத்துக்கு அளவு சொல்கிறோமே, அதுபோல.

இரு நாடுகளுக்கு இடையிலான எல்லைக்கும் போருக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க எல்லைகளின் நீளம் தேவைப்பட்டது. புத்தகங்களைப் புரட்டினார். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே உள்ள எல்லை ஒன்றில் 987 கிலோமீட்டர், இன்னொன்றில் 1,214. ஏன் இந்தக் குழப்பம் என்று குடைந்தபோது, அளவுகோல் சிறுக்கச் சிறுக்கக் கோடு நீண்டுகொண்டே போவது தெரிந்தது. கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிராட் 1967இல் இதை எடுத்து வளர்த்ததில்தான் ஃபிராக்டல் கணிதத்துக்கு வழி பிறந்தது. போர் ஏன் வருகிறது என்று கேட்டவர் கடற்கரையின் நீளத்தைப் பற்றிய கணிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். எந்த நல்கை விண்ணப்பத்திலும் இதை எதிர்பார்க்கும் விளைவு என்று யாரும் எழுதியிருக்க முடியாது.

ரிச்சர்ட்சனின் இரண்டு பெரிய நூல்களும் அவர் உயிரோடு இருந்தபோது அச்சாகவில்லை. 1950 வாக்கில் சொந்தப் பணத்தில் நுண்படச் சுருள்களாக ஆக்கிவைத்தார். 1953இல் இறந்தார். அவர் மகன் ஸ்டீபன் அந்தச் சுருள்களைக் கலிஃபோர்னியாவுக்கு எடுத்துப் போனார். 1954–55இல் அங்கிருந்த ஆய்வு மையமொன்றில் பொருளியலாளர் கென்னத் போல்டிங் முதலானோர் அவற்றைப் படித்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1957இல் மோதல் தீர்வுக்கென்று ஓர் ஆய்விதழ் தொடங்கியதற்குப் பின்னால் இந்தப் படிப்பு இருக்கிறது. நூல்கள் 1960இல் அச்சேறின. நடுவில் மகன் ஒருவர் இல்லாமற் போயிருந்தால் சுருள்கள் எங்கே கிடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே கலக்கமாக இருக்கிறது.

நம் பக்கத்தில் தரம்பால். வெள்ளையனே வெளியேறு போராட்டத்துக்காகப் படிப்பை விட்டவர், பட்டம் வாங்கியதில்லை. 1964–65இல் சென்னை ஆவணக் காப்பகத்தில் ஊராட்சிகளைப் பற்றிய தாள்களைத் தேடினார். பிறகு லண்டனில் இந்தியா ஆபீஸ் நூலகமும் பிரிட்டிஷ் மியூசியமும் அவர் அன்றாடம் போகும் இடங்களாயின. வருமானம் சொற்பம், குடும்பம் இருந்தது. நகல் எடுக்கப் பணம் வேண்டும், பழைய தாள்கள் பலவற்றை நகலெடுக்கவும் விடமாட்டார்கள். ஆகவே பக்கம் பக்கமாகக் கையால் எழுதினார், பிறகு தட்டச்சு. ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த சொத்து டிரங்குப் பெட்டிகள் நிறைய அந்தக் குறிப்புகள்.

அந்தக் குறிப்புகளிலிருந்து 1971இல் இந்திய மரபில் ஒத்துழையாமை பற்றிய அவர் நூல் வந்தது. நடுநாயகம் 1810–11இல் காசியில் நடந்த வீட்டுவரி எதிர்ப்பு. கடைகள் அடைபட்டன. ஆயிரக்கணக்கானோர் வீட்டைப் பூட்டிவிட்டுத் திறந்தவெளியில் போய் உட்கார்ந்தார்கள். கொல்லர், நாவிதர், தையற்காரர், படகோட்டி என்று ஒவ்வொரு தொழிலாரும் வேலை நிறுத்தினார்கள். ஈமக்கடன் செய்ய ஆள் வராததால் பிணங்களை அப்படியே கங்கையில் விட வேண்டியதாயிற்று என்று வெள்ளை அதிகாரிகளே எழுதிவைத்திருக்கிறார்கள். அகிம்சைப் போராட்டத்தை காந்தி தோரோவிடமும் தால்ஸ்தோயிடமும் கடன் வாங்கினார் என்று பாடம் படித்த தலைமுறைக்கு இது பெரிய அதிர்ச்சி. ஆட்சியாளரை உட்கார்ந்தே நெருக்கும் வழக்கம் காந்திக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்த மண்ணில் புழங்கியிருக்கிறது. ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னுரை எழுத, வாராணசி சர்வ சேவா சங்கம் அந்த நூலை வெளியிட்டது. வாராணசி ராஜ்காட்டில் இருந்த அந்தச் சங்கத்தின் கட்டடங்கள் 2023 ஆகஸ்ட்டில், நிலம் யாருடையது என்ற வழக்காட்டத்தின் தொடர்ச்சியாக இடித்துத் தள்ளப்பட்டன. ஜெயப்பிரகாஷ் தொடங்கிய காந்திய ஆய்வு நிறுவனமும் அதே வளாகத்தில்தான் இருந்தது.

பணம் யாருடையது என்ற கேள்வியும் இங்கே வந்தாக வேண்டும். ஜீன் ஷார்ப் கொரியப் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பை மறுத்து ஒன்பது மாதம் சிறையில் இருந்தவர். காந்தியின் போராட்டங்களைப் பற்றிய அவருடைய முதல் நூலை 1960இல் அகமதாபாத் நவஜீவன் வெளியிட்டது. ஐன்ஸ்டீன் முன்னுரை எழுதியிருந்தார். 1973இல் வந்த ‘அகிம்சை நடவடிக்கையின் அரசியல்’ என்ற மூன்று பாக நூலில் 198 போராட்ட வழிமுறைகளைத் தொகுத்தார். அந்த ஆய்வுக்கான பணத்தில் ஒரு பகுதி, ஹார்வர்டு பேராசிரியர் தாமஸ் ஷெல்லிங் வழியாக, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயராய்வு முகமையிலிருந்து வந்தது. வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. இதைச் சொல்லி ஷார்ப்பைச் சந்தேகித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

அந்தச் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆய்வின் முடிவு கோப்புக்குள் அடைபடாமல் கடையில் விற்கும் புத்தகமாக வந்தது, அமெரிக்க அரசை எதிர்ப்பவரும் வாங்கிப் படித்தார்கள். பர்மிய ஜனநாயகவாதிகள் கேட்டதற்காக 1993இல் அவர் எழுதிய, நூறு பக்கம்கூட வராத சிறுநூல் முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் போய், கண்ட கண்ட ஆட்சிகளையெல்லாம் கலங்கடித்தது. அவருடைய கடைசி ஆண்டுகளோ பாஸ்டனில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில், ஓர் உதவியாளரோடு, பணத் தட்டுப்பாட்டில் கழிந்தன. நல்கை கொடுப்பவர் முடிவை எழுதித் தரக் கூடாது, அச்சாகும் முன் வெட்டும் உரிமை கேட்கக் கூடாது, முடிவு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் பணத்தின் ஊர் எதுவென்று விசாரிப்பதில் அர்த்தமிருக்கிறது. இவை இல்லாவிட்டால் காந்தி பெயரில் உள்ள அறக்கட்டளையின் பணமும் ஆபத்துதான்.

எரிகா செனோவெத் கதை, மறுப்பவருக்கு இடம் கொடுப்பதன் பயனைக் காட்டுகிறது. ஆயுதம் இல்லாத போராட்டம் பலிக்கும் என்பதை நம்பாத இளம் ஆய்வாளராக, 2006இல் அகிம்சைப் போராட்டம் பற்றிய ஒரு பயிலரங்குக்குப் போனார். அப்படியானால் கணக்கெடுத்துப் பாருங்கள் என்று அங்கே மரியா ஸ்டீபன் என்ற ஆய்வாளர் சொன்னதும் இருவரும் சேர்ந்து 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களைத் தொகுத்தார்கள். 2011இல் நூலாக வந்தது. ஆயுதமற்றவை 53 விழுக்காடு வென்றிருந்தன, ஆயுதம் தாங்கியவை 26. மறுப்பவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் கேள்விக்கு அவரையே விடை தேடச் சொன்னது பெரிய காரியம். நம்பிக்கையாளர்களுக்கு மட்டும் நல்கை கொடுக்கும் அமைப்புகள் இதைக் கவனிக்க வேண்டும். 2010க்குப் பிறகு அகிம்சைப் போராட்டங்களின் வெற்றி 34 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது என்று 2020இல் எழுதியவரும் அதே செனோவெத்தான். ஏன் இறங்கியது என்பதற்கு விடை மொத்தக் கணக்கில் இல்லை. ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு மொழியிலும், நடந்ததை நுணுகிப் பார்த்த தனித்தனி ஆய்வுகள் வேண்டும்.

அதற்கு இன்று யார் பணம் தருகிறார்கள்? பன்னாட்டு அமைதி ஆய்வுச் சங்கத்தின் அறக்கட்டளை 1990 முதல் இருக்கிறது. கென்னத் போல்டிங்கும் எலிஸ் போல்டிங்கும் அதன் தோற்றத்தில் பங்குள்ளவர்கள். அதன் ஆய்வு நல்கை சில ஆயிரம் டாலர் அளவு. வளரும் நாடுகளின் பெண் ஆய்வாளருக்கென்று தனியே ஓர் உதவித்தொகையும் வைத்திருக்கிறது. ஹேரி ஃபிராங்க் குகன்ஹைம் அறக்கட்டளை எந்த நாட்டவருக்கும் தனி ஆளாகவே நல்கை தருகிறது. ஆனால் அதன் அக்கறை வன்முறையின் காரணங்களில். நோயை ஆராயக் கிடைக்கும் பணம், நோய் வராமல் தப்பியவர்களை ஆராயக் கிடைப்பதில்லை. கலவரம் நடந்த ஊருக்குப் பத்துப் பேர் போகிறார்கள். அதே வாரம் கலவரம் வராமல் தடுத்துக்கொண்ட பக்கத்து ஊருக்கு ஒருவர் போவதே அபூர்வம்.

அரசுப் பணம் நிலையானது என்ற நம்பிக்கையும் சரிந்திருக்கிறது. அமெரிக்க அமைதி நிறுவனம் 1984இல் சட்டம் போட்டு உருவானது. முனைவர் பட்ட மாணவர்களுக்கும் மூத்த அறிஞர்களுக்கும் நல்கை தந்து வந்தது. 2025 மார்ச்சில் ட்ரம்ப் ஆட்சியின் செலவுக் குறைப்புக் குழு கட்டடத்துக்குள் நுழைந்தது, பெரும்பாலான ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. நாற்பதாண்டு அமைப்பு சில வாரங்களில் முடங்கியதைப் பார்த்த பிறகு, ஒரே பெரிய மரத்தை நம்புவதைவிடப் பத்துச் சிறு கன்றுகள் மேல் என்று தோன்றுகிறது.

இந்தியாவில் இருப்பவருக்கு இன்னொரு முட்டுக்கட்டை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதை வேறொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. பெரிய அறக்கட்டளை இங்குள்ள ஓர் அமைப்புக்கு மொத்தமாகக் கொடுத்து, அது பத்துச் சிற்றூர் ஆய்வாளருக்குப் பங்கிடும் வழி அதோடு அடைபட்டது. உள்நாட்டு நல்கைகள் பெரும்பாலும் ஏதோவொரு நிறுவனத்தின் கையொப்பம் கேட்கின்றன. தரம்பால் இன்று விண்ணப்பித்தால் பட்டம், பணி, நிறுவனம் என்ற மூன்று கட்டங்களும் காலியாகவே இருக்கும்.

கையில் எவ்வளவு இருந்தால் போதும் என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்று வைத்துக்கொள்வோம். 2024 வாக்கில் அவருக்கு மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்கு 11 மாதம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இரண்டு மாதம் உட்கார வேண்டும். லாட்ஜுக்கு நாளைக்கு 700 வீதம் 42,000, சாப்பாட்டுக்கு 18,000, பஸ், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 15,000. அடுத்து ஒரு மாதம் திருவனந்தபுரம் காப்பகம், 35,000. மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு, 75,000. ஆக 1,85,000 ரூபாய். இந்தப் பட்டியலில் நல்கைப் படிவங்கள் பலவும் ஒத்துக்கொள்ளாத வரி கடைசி வரிதான். பயணத்துக்குத் தருவார்கள், நகலுக்குத் தருவார்கள், ஆய்வாளர் வீட்டில் அந்த மூன்று மாதம் அடுப்பெரிவதற்குத் தரமாட்டார்கள். அதனால்தான் கைநிறையச் சம்பளம் உள்ளவரும், வீட்டில் வசதி உள்ளவருமே நல்கையையும் பெறுகிறார்கள். கௌரவ விரிவுரையாளருக்கு அந்த 75,000தான் முதல் தேவை, மற்றதை அவர் எப்படியாவது ஒப்பேற்றிவிடுவார்.

காப்பகத் தாளாவது காத்திருக்கும், ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்த நாவிதர் வைரப்பனின் பெயர் நமக்குத் தெரிகிறது. பொட்டலம் கட்டியவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை. அவர்களிடம் போய்க் கேட்டிருக்கக்கூடிய காலம் முடிந்துவிட்டது.

வடமேற்கு எல்லையில் கான் அப்துல் கஃபார் கானின் செஞ்சட்டைத் தொண்டர்களுக்கு அப்படி ஆகாமல் தப்பியது. முகுலிகா பானர்ஜி 1990களின் தொடக்கத்தில் பாகிஸ்தானுக்குப் போய், உயிரோடு இருந்த முதியவர்கள் ஏறத்தாழ எழுபது பேரைத் தேடிப் பேசினார். வீரத்துக்கும் பழிவாங்கலுக்கும் பேர்போன பட்டாணியர் அடிபட்டும் திருப்பி அடிக்காமல் எப்படி நின்றார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு 2000இல் நூலாக்கினார். பத்தாண்டு பிந்திப் போயிருந்தால் பேச ஆளிருந்திருக்காது.

தமிழில் அப்படி இன்னும் திறந்திருக்கும் கதவு ஒன்று இருக்கிறது. 1961 பிப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணக் கச்சேரி, அதாவது அரச அதிபர் அலுவலகத்தின் முன்னால் தமிழரசுக் கட்சி சத்தியாகிரகம் தொடங்கியது. சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டத்தைத் தமிழ்ப் பகுதிகளில் நடைமுறைப்படுத்துவதை எதிர்த்த போராட்டம். முதல் நாளே பொலிஸ் தடியடி. மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பரவி, அரசு அலுவலகங்கள் முடங்கின. ஏப்ரல் 14 அன்று கட்சி தானே அஞ்சல்தலை வெளியிட்டு அஞ்சல் சேவை நடத்தியது. 17ஆம் தேதி அவசரகால நிலை, ராணுவம், தலைவர்கள் பனாகொடை முகாமில். பின்னால் வந்த நெடும்போரின் புகையில் இந்த ஐம்பத்தாறு நாள் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. கட்சித் தலைவர் செல்வநாயகம் என்ன பேசினார் என்பது செய்தித்தாளில் இருக்கிறது. அந்தப் போராட்டம் ஏன் தோற்றது, எந்த இடத்தில் வென்றது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் வாசலில் உட்கார்ந்த பெயர் தெரியாதவர்கள். அவர்களில் பெண்கள் ஏராளம்.

அன்று இருபது வயதில் உட்கார்ந்த ஒருத்தி இன்று எண்பதைத் தாண்டி யாழ்ப்பாணத்திலோ, டொரன்டோவில் மகள் வீட்டிலோ, சென்னையில் பேரன் வீட்டிலோ இருப்பார். வீட்டில் யாரிடம் சொல்லிவிட்டு வந்தார், சோறு எந்த வீட்டில் ஆக்கி எந்த வண்டியில் வந்தது, இரவில் யார் விழித்திருந்தார்கள், பொலிஸ் இழுக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் கையைக் கோத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவர் யார், ராணுவம் வந்த இரவில் எந்த ஒழுங்கை வழியாக வீடு போய்ச் சேர்ந்தார் என்று அவரிடம் கேட்க வேண்டும். ஓர் ஒலிப்பதிவுக் கருவி, பயணச் செலவு, பேச்சை எழுத்தில் பெயர்ப்பவருக்கு மூன்று மாதச் சம்பளம், கேட்கப் போகிறவர் வீட்டில் அடுப்பெரிய ஓராண்டுப் பணம். நல்கை கொடுக்கும் நிலையில் உள்ள எவரும் என்னிடம் பட்டியல் கேட்டால் இதைத்தான் முதலில் எழுதித் தருவேன்.